டிக்கோயாவுக்கு ஒரு துண்டு

அத்தியாயம் பதினொன்று

பதினோரு மாதமாகச் சண்முகவடிவு இந்தச் செவ்வாய்க்கிழமைக்காகத்தான் காத்திருந்தாள். அந்த நாளே பார்த்து நாகலெட்சுமிக்குக் கண் மங்க வேண்டுமா?

“மதினி, கண்ணு முன்னால பொறி பொறியாப் பறக்குது. தலை பொளந்துரும் போல இருக்கு.”

விடிந்தும் விடியாததுமாக நாகலெட்சுமி லயத்துக் காம்பரா அறையின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாத வயிறு. பாதம் இரண்டும் வீங்கி, விரல்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. சண்முகவடிவு குனிந்து அவள் கணுக்காலில் பெருவிரலை வைத்து அமுக்கினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவே இல்லை.

நாகலெட்சுமி சண்முகவடிவின் கணவன் மாயாண்டிக்குத் தங்கை. ராகலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்காக வெள்ளப்பாறைத் தோட்டத்துக்கு, தான் பிறந்த லயத்துக்கே வந்திருந்தாள். வந்து மூன்று வாரம். அதற்குள் மூன்று தடவை தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் வந்துவிட்டாள். மூன்று தடவையும் அவள் கொண்டுபோன போத்தலில் அதே சிவப்பு மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, “முதப் புள்ளைன்னா அப்பிடித்தான் இருக்கும், போ” என்று அனுப்பிவிட்டார் டாக்டரய்யா செபஸ்தியாம்பிள்ளை.

உண்மையில் அவர் டாக்டர் இல்லை. மருந்து கலக்கிக் கொடுப்பவர். ஆனால் வெள்ளப்பாறையில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் அவர்தான் டாக்டர். அவர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் தோட்டத்து லொறி நோயாளியை ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். அவர் லேசில் எழுத மாட்டார். துண்டு கூடினால், நீ எதற்கு இருக்கிறாய் என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்பாரே!

அப்படி எழுதாமல் விட்ட ஒரு துண்டில்தான் சண்முகவடிவின் ஒரே மகள் போனாள். அம்மாக்கண்ணுவுக்குப் பன்னிரண்டு வயது. வயிற்றின் வலது பக்கம் வலிக்கிறது என்று சுருண்டு படுத்த பிள்ளையை மூன்று நாள் தொடர்ந்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனாள் தாய். மூன்று நாளும் சிவப்புத் தண்ணீர். ஒரு நாளாவது அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில்லை. நாலாம் நாள் கம்பளியில் கட்டி, ஆள் மாற்றி ஆள் சுமந்து, நடந்தே டிக்கோயா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே டாக்டர் வயிற்றில் கை வைத்த மாத்திரத்தில் முகம் மாறினார். “நேற்றே கொண்டு வந்திருக்கக் கூடாதா அம்மா?” என்றார். அவ்வளவுதான்.

புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து சண்முகவடிவு அழவில்லை. சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயம் லயமாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்: “டிஸ்பென்சரிக்குப் போனியே, தீந்துச்சா?” கிடைத்த பதிலையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்தாள். தொழிற்சங்கத் தலைவர் பொன்னையாவைக் கொண்டு மனு எழுதிப் போட வைத்தாள். கண்டியிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் விசாரிக்க வருவதாகத் தாக்கல் வந்தது. போன வாரம், தோட்டத்து மருத்துவச்சி ஐவி மிஸ்ஸியும் ஒரு விஷயத்தை அவள் காதில் போட்டு வைத்தாள். டிஸ்பென்சரிப் புத்தகத்தில் யார் பேரைப் பார்த்தாலும், அதற்கு நேரே கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்தான் எழுதியிருக்கிறதாம். குணம்.

கண்டி டாக்டர் வருவது இன்று காலை பத்து மணிக்கு.

நாகலெட்சுமியை மாயாண்டி ஒரு பக்கமும் சண்முகவடிவு ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார்கள். இடமே அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. எப்போதும் வெறும் பலகையாகக் கிடக்கும், நோயாளிகள் உட்காரும் வாங்கில் வெள்ளைத் துணி விரித்திருந்தது.

செபஸ்தியாம்பிள்ளை அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று சண்முகவடிவு பார்த்தது அதுதான் முதல் தடவை.

“வா சண்முகவடிவு. நீ வருவேன்னு எனக்குத் தெரியும். துண்டு எழுதி உறையில போட்டு வச்சிட்டேன். லொறிக்கும் சொல்லியாச்சு. ஒம்பது மணிக்குக் கெளம்பலாம்.”

மாயாண்டி இரண்டு கையையும் கூப்பினான். “ஐயா நல்லா இருக்கணும்.”

“ஆனா பொம்பளைப் புள்ளையைத் தனியா அனுப்ப ஏலாது. சண்முகவடிவு, நீயே கூடப் போயிரு. ரெண்டு நாள் அங்கேயே தங்கு. வேலைக்குப் பேரு போடுற விஷயத்தைக் கணக்கப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“எங்க வீட்டுக்காரரு போவாருங்க.”

“பொம்பளை வார்டுல ஆம்பளைக்கு என்னா வேலை?” அவர் உறையின் மேல் உள்ளங்கையை வைத்தார். “நீ ஏறுனா லொறி போகும்.”

அந்த வெள்ளைக் கையையே சண்முகவடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் ஒட்ட வெட்டிய, மகளின் வயிற்றைத் தொடாத கை.

“பதினோரு மாசத்துக்கு முந்தி இந்த லொறி எங்கங்கய்யா நின்னுச்சு?”

“பழசப் பேசுனா இவளுக்கு என்னா நல்லது நடக்கப்போகுது? நீயே சொல்லு.”

நாகலெட்சுமியின் விரல்கள் அவள் கையை நெரித்தன. நெரித்த கை நெருப்பாகச் சுட்டது.

“போறேங்கய்யா” என்றாள் சண்முகவடிவு.

உறையை வாங்கி மடியில் செருகும்போது செபஸ்தியாம்பிள்ளையின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவரைப் போல அவர் மூச்சு விட்டார். நன்றாக விட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

லொறி புறப்படும் வரை அவர் வாசலிலேயே நின்று பார்த்தார். பின்தட்டில் சாக்கு விரித்து நாகலெட்சுமியைப் படுக்க வைத்து, அவள் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தாள் சண்முகவடிவு. மாயாண்டியும் ஏறிக்கொண்டதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தேயிலை அரைக்கும் ஸ்டோரைத் தாண்டி, பாதை வளையும் முதல் முடக்கு திரும்பியதும் அவள் லொறியின் தகரத்தில் ஓங்கித் தட்டினாள். வண்டி நின்றது.

“என்னா புள்ள?” என்றான் மாயாண்டி.

அவள் உறையை எடுத்து அவன் கையில் திணித்தாள். “இத அங்க டாக்டர்கிட்ட குடுங்க. நான் எறங்குறேன்.”

“பைத்தியமா ஒனக்கு? அந்த ஆளு இன்னைக்குத்தான் எரக்கப்பட்டுத் துண்டு குடுத்திருக்காரு. நீ போய் வாயக் கொடுத்து, நாளைக்கி லயத்த விட்டு எறங்குன்னு துரை சொன்னா எங்க போவ?”

“எரக்கமா? கண்டி டாக்டரு வாற நேரத்துக்கு நான் இங்க இருக்கப்படாது. அதுக்குத்தாங்க இந்தத் துண்டு.”

“இருக்கட்டுமே! புள்ளைக்கு லொறி கெடச்சிருச்சுல்ல. பழி வாங்கி என்னாத்தக் காணப் போற? அம்மாக்கண்ணு எந்திரிச்சா வரப்போறா?”

“வர மாட்டா. அவரு மட்டும் நல்ல பேரோட நாற்காலியில உக்காந்திருக்கணுமா? நாகு பொழைக்கிறதுக்கு நீங்க கூட இருந்தாப் போதும். அந்த மனுசனக் கேக்கிறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்.”

மாயாண்டி அவள் கையைப் பிடித்தான். அவன் பிடியில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அப்போது சாக்கில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“விடுண்ணே. மதினி போகட்டும். நானுந்தான் மூணு தடவ போத்தலத் தூக்கிட்டுப் போனேன். எம்பேரையும் சேத்துச் சொல்லுங்க மதினி.”

சண்முகவடிவு குதித்து இறங்கினாள்.

தேயிலைக்குள் குறுக்குப் பாதை பிடித்து, முழங்காலெல்லாம் கிளை கீறிக்கொள்ள அவள் மேலேறி வந்தபோது டிஸ்பென்சரி வாசலில் கார் நின்றது. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வரச்சொல்லியிருந்த முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். ஓரமாகத் துரை. நடுவில் மேசை போட்டு, மூக்குக்கண்ணாடி அணிந்த ஒல்லியான சிங்கள டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நிற்பவர்கள் சொல்வதை அவருக்கு இங்கிலீசில் மாற்றிச் சொன்னது வேறு யாருமில்லை, செபஸ்தியாம்பிள்ளையேதான்.

சண்முகவடிவு வேலி மறைவில் நின்று கவனித்தாள்.

ராக்காயியின் முறை. ஆறு மாதமாக விடாத இருமலில் எலும்பும் தோலுமாகிவிட்டவள். “நீ சொல்லாட்டி நான் செத்தும் ஒன்ன விடமாட்டேன்” என்று அவளிடம் சண்முகவடிவு சத்தியம் வாங்கியிருந்தாள்.

“டிஸ்பென்சரி மருந்துல சுகமாகுதா?” என்று கேட்டார் செபஸ்தியாம்பிள்ளை.

ராக்காயி துரையைப் பார்த்தாள். கங்காணியைப் பார்த்தாள். “ஏதோ… போறப்பல்லாம் மருந்து குடுக்கிறாங்கய்யா” என்றாள்.

இங்கிலீசில் அது நாலு வரியாக நீண்டது. கண்டி டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். பதினோரு மாதம் லயம் லயமாக நடந்து சேர்த்ததெல்லாம் கண்ணெதிரே தண்ணீராக ஓடிப்போவதைச் சண்முகவடிவு பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலியைத் தள்ளிக்கொண்டு நேரே மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஒக்கோம பொரு, மாத்தயா!”

எல்லாம் பொய், ஐயா என்று சிங்களத்தில் அவள் போட்ட சத்தத்தில் துரையே திடுக்கிட்டுத் திரும்பினார். சின்ன வயதில் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் வீட்டில் பிள்ளை தூக்கப் போனபோது கற்றுக்கொண்ட பேச்சு அது. இத்தனை வருஷத்தில் அவளுக்குச் சோறு போடாத அந்தச் சிங்களம் இன்று கத்தி மாதிரி வந்து நாக்கில் நின்றது.

செபஸ்தியாம்பிள்ளைக்கு முகம் வெளுத்தது. “சேர், இவளுக்குப் புத்தி சரியில்லை. மகள் இறந்ததிலிருந்து…”

கண்டி டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்ன பொய் என்று அவளிடம் சிங்களத்திலேயே கேட்டார்.

“நாங்க ஒண்ணு சொல்றோம், இவரு ஒண்ணு சொல்றாரு. இவரு சொல்ல வேணாம். இவரு எழுதுன புத்தகம் சொல்லட்டும். அதுல இருக்கிற பேர ஒவ்வொண்ணா வாசிங்க மாத்தயா. தீந்துச்சா இல்லையான்னு பேருக்குரியவங்க சொல்லட்டும்.”

“புத்தகம் எங்கே?” என்றார் கண்டி டாக்டர்.

“அலுமாரிச் சாவி வீட்டில இருக்கு, சேர்” என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

உள்ளேயிருந்து ஐவி மிஸ்ஸி வந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. முன்கூட்டியே அலுமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்த நீளப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அவள் கை மட்டும் கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்திருந்தது.

கண்டி டாக்டர் வாசித்துச் சிங்களத்தில் சொல்ல, சண்முகவடிவு அதைத் தமிழில் சொன்னாள். “பொன்னையா. வயிற்றோட்டம். குணம்.”

“ஆறு வாரம் படுத்த படுக்கைங்க” என்றார் தலைவர் பொன்னையா. “நோர்வூட் டவுனுக்குப் போய் வேற மருந்து எடுத்துத்தான் நின்னுச்சு. இங்க தீரல.”

சண்முகவடிவு அதைச் சிங்களத்தில் சொன்னாள்.

“ராக்காயி. இருமல். குணம்.”

ராக்காயி வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக் குனிந்து, தரையில் உட்கார்ந்து, மூச்சுத் திணறத் திணற இருமினாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதன் பிறகு யாரும் துரையைப் பார்க்கவில்லை. “தீரல.” “எனக்கும் தீரல மாத்தயா.” “தீரலைங்க, ரெண்டு வருசமா அதே தண்ணிதான்.” பேர் வாசித்து முடியுமுன்னே பதில் வந்தது.

கண்டி டாக்டர் பின்பக்கங்களைப் புரட்டினார். “அம்மாக்கண்ணு. பன்னிரண்டு வயது. வயிற்றுவலி. குணம்.”

அவர் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். “அந்தப் பிள்ளை எங்கே?”

“அது வராது மாத்தயா” என்றாள் சண்முகவடிவு. “நாலாம் மலைக்குக் கீழ கெடக்கு. எம்மக. இவரு குணமாக்கி அனுப்பின அடுத்த நாள் செத்துப்போச்சு.”

கண்டி டாக்டர் தேதியை இரண்டு தரம் பார்த்தார். பேனாவால் அந்த வரியின் கீழே கோடிழுத்தார். சண்முகவடிவு அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளையின் நெற்றியில் பொடித்த வேர்வை காதோரம் இறங்கி, கஞ்சி போட்ட வெள்ளைக் காலரை நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் வேர்க்கட்டும். மூன்று நாள் என் பிள்ளைக்கு வேர்த்ததே, அவ்வளவும் வேர்க்கட்டும்.

“இன்னொரு பேரு இருக்கு, மாத்தயா. நாகலெட்சுமி. இந்த மாசம்.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். “கால்வீக்கம், தலைவலி. மூன்று முறை. மூன்று முறையும் குணம்.”

“இன்னைக்குக் காலையில அவளத் தோட்டத்து லொறியில டிக்கோயாவுக்கு அனுப்பியிருக்காரு. கண்ணு தெரியல அவளுக்கு.”

கண்டி டாக்டர் புத்தகத்தை மூடினார். “குணமானவளை எதற்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்?”

செபஸ்தியாம்பிள்ளை இங்கிலீசில் ஏதோ தொடங்கினார். டிஸ்பென்சரிச் சாவிக்கொத்தைக் கேட்டார் கண்டி டாக்டர். இடுப்பிலிருந்து அதை அவிழ்க்க அந்த வெள்ளைக் கைகளுக்கு வெகுநேரம் பிடித்தது. புத்தகம் காருக்குள் போயிற்று. காரும் போயிற்று.

சனங்கள் கலைந்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை அவளைத் தாண்டிப் போகையில் ஒரு நொடி நின்றார்.

“பெரிசா ஜெயிச்சிட்டேன்னு நெனைக்காதே. டிக்கோயாவுல போய்ப் பாரு, ஒங்க யோக்கியதைய என்னான்னு அங்க சொல்லுவாங்க.”

அவர் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. சண்முகவடிவு அங்கிருந்தே டிக்கோயாவுக்குக் கிளம்பிவிட்டாள்.

நோர்வூட்டில் பஸ் பிடிக்கும்போது ஐவி மிஸ்ஸியும் கூட வந்து ஏறினாள்.

“மிஸ்ஸி, ஒங்க வேல?”

“அது இனி இருக்குமா என்னா? நீங்க உக்காருங்க.” பஸ் கிளம்பியதும் ஐவி கேட்டாள். “அந்த உறையப் பிரிச்சுப் பாத்தீங்களா?”

“பிரிச்சா மட்டும்? எனக்கு இங்கிலீசு எங்க தெரியும் மிஸ்ஸி?”

டிக்கோயாவில் இறங்கியதும் இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் மாயாண்டி தரையில் குந்தியிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

“வாசல்ல எறக்கும்போதே இழுத்துக்கிச்சு வடிவு. பல்லக் கடிச்சு, கண்ணு சொருகி… ஒடனே தூக்கிட்டுப் போயிட்டாங்க. டாக்டரம்மா ஓடியே வந்தாங்க. வயித்தத் தொட்டு, காலத் தொட்டு, எல்லாம் பாத்தாங்க. இன்னும் கதவு தெறக்கல.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. இளவயது டாக்டரம்மா வெளியே வந்தார். கையில் அந்தத் துண்டு. அவர் குரலில் கோபம் இருந்தது.

“மூணு வாரமா அந்தப் பிள்ளைய வீட்டில அடைச்சு வச்சு நாட்டு மருந்து குடுத்தது நீங்கதானா?”

“நாங்களா?” என்றாள் சண்முகவடிவு.

“டிஸ்பென்சரியில இருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டும் நீங்க வரவே இல்லைன்னு எழுதியிருக்கே. இன்னைக்குத்தான் முதல் தடவையாக் கொண்டு வந்தீங்களாம், அதுவும் அவர் வற்புறுத்தினதாலயாம்.”

ஐவி அதை வாங்கி வாசித்தாள். வாசித்து முடித்து, “ஆமா. அப்பிடித்தான் எழுதியிருக்காரு. கையெழுத்தும் அவருதுதான்” என்றாள்.

சண்முகவடிவுக்கு எல்லாம் விளங்கியது. நாகலெட்சுமி பிழைத்தால் காப்பாற்றியவர் அவர். செத்தால் கொன்றது இவர்கள். துண்டு கேட்டு இவர்கள் வாசலில் போய் நிற்குமுன்பே அவர் எழுதி, மடித்து, ஒட்டி வைத்துவிட்டார்.

ஆனால் அடுத்த கணம் அவள் முகத்தில் வந்ததைக் கண்டு மாயாண்டியே பயந்துபோனான். அவள் சிரித்தாள்.

“டாக்டரம்மா, அந்தத் துண்டக் கெட்டியா வச்சுக்கங்க. நாகு மூணு தடவ டிஸ்பென்சரிக்குப் போயிருக்கா, மூணு தடவையும் குணமாயிட்டான்னு அதே கையால அவரு புத்தகத்தில எழுதியிருக்காரு. அந்தப் புத்தகம் இப்ப கண்டி டாக்டரு கார்ல போகுது. இதுல வரவே இல்லைங்கிறாரு. எது பொய்யின்னு அவரே சொல்லட்டும்.”

ஐவி புத்தகத்தில் கண்டதைத் தேதியோடு சொன்னாள். டாக்டரம்மா துண்டை மறுபடி ஒரு தடவை வாசித்தார். கோபம் வேறு பக்கம் திரும்புவது அவர் முகத்தில் தெரிந்தது.

“நான் இன்னைக்கே கண்டிக்கு எழுதுறேன். ஆனா வீட்டு ஆள் ஒருத்தர் வாக்குமூலம் குடுக்கணும். துரை கூப்பிட்டு மிரட்டினாலும் மாத்திச் சொல்லாத ஆளா இருக்கணும். யார் குடுப்பீங்க?”

“நான்” என்று வாயெடுத்தாள் சண்முகவடிவு.

“நீ இரு.” மாயாண்டி முன்னால் வந்தான். காலையில் லொறியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தவன். “நான் குடுக்கிறேங்கம்மா. எனக்குக் கையெழுத்துத் தெரியாது, பெருவிரல் வைக்கிறேன். நல்லா இருக்கணும்னு அந்த ஆள இன்னைக்குக் காலையிலகூடக் கும்பிட்டேன். அந்த மனுசனக் கேக்கப் போனவள என் கையாலயே புடிச்சு நிறுத்தப் பாத்தேன். எம் மகளுக்கும் சேத்து எழுதிக்கங்க. லயத்த விட்டு எறக்கட்டும். எங்க போட்டாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்.”

ஐவி எழுதினாள். அவன் சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் நிரம்பியது. மைப்பெட்டியில் அமுக்கிய பெருவிரலை அவன் கடைசி வரிக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து தாதி ஒருத்தி ஓடி வந்தாள்.

“டாக்டர், திரும்ப இழுக்குது. ஒப்பரேசன் தியேட்டருக்கு எடுக்கணும். கையெழுத்து வேணும்! புருசன் யாரு?”

புருசன் ராகலையில், இது எதுவும் தெரியாமல் மலையில் நின்றுகொண்டிருப்பான்.

“அண்ணன் நான் இருக்கேன்” என்றான் மாயாண்டி. ஈரம் காயாத அதே விரலைத் தாதி நீட்டிய தாளிலும் வைத்தான்.

கதவு அவர்கள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. அந்தக் கையெழுத்து தாயைக் காப்பாற்றவா பிள்ளையைக் காப்பாற்றவா என்பது சண்முகவடிவுக்குத் தெரியவில்லை. மாயாண்டியின் மை படிந்த கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் அழத் தொடங்கினாள்.